மணிக்கட்டில் ஒரு வானவில்

விருதுநகரில் இறங்கி சிவகாசி பஸ் பிடித்து, ஆமத்தூர் தாண்டும்போது போனில் அந்தப் படம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் வாட்ச் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. படத்தில் ஒரு ரோலெக்ஸ் டேடோனா. டயலைச் சுற்றி 36 சஃபையர் கற்கள், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மாறி மாறி ஓடி ஒரு வட்டம் போட்டிருந்தன. பட்டை கோக்கும் காதுகளில் பொடி வைரங்கள். கீழே நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "ப்ரோ, விலையப் பாக்காதீங்க. இது கைவேலைக்குக் குடுக்குற மரியாத."

செப்டம்பர் மாதம், சாயங்காலம். பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். அடுத்த ஸ்டாப்பில் வேலை முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். என் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் கை முழங்கை வரைக்கும் வெள்ளி நிறம். அலுமினியப் பொடி. எங்கள் ஊரில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஒரு கையில் போனும் அதில் அந்த வானவில்லும் இருந்ததால்தான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒற்றை வரியோடுதான் எனக்குச் சண்டை. 'கைவேலைக்குக் கொடுக்கிற மரியாதை.' பணக்காரன் வாங்குகிறான், அவன் காசு, அவன் கை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இந்த வரியை இப்போது பணக்காரர்கள் மட்டும் சொல்வதில்லை. மாதத்தவணையில் பைக் ஓட்டுகிற, கவிதை வாசிக்கிற, இந்த மாதிரி இதழ்களில் நீளக் கட்டுரை படிக்கிற நம் ஆட்கள் சொல்கிறார்கள். வாட்ச் வாங்கவே போகாதவர்கள், வாங்குகிறவனுக்காக ஒரு தத்துவம் தயார்செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இந்த வானவில் டேடோனா 2012இல் மஞ்சள் தங்கத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் வந்தது. 2018இல் ரோஜாத் தங்கத்தில் வந்தபோது மணிக்குறிகளுக்கும் அந்தந்த நிறக் கல்லையே வைத்தார்கள். பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. பட்டியல் விலையே லட்சம் டாலரை ஒட்டி. வெளிச்சந்தையில் அதைப்போலப் பல மடங்கு. கடினம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நிறம் துளிகூடக் குதிக்காமல் போகிற மாதிரி 36 இயற்கைக் கற்களைத் தேடிச் சேர்ப்பதில். பிறகு பதிப்பதில். கற்களின் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் இருக்கவேண்டும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இது வெறும் பீற்றல் இல்லை. உட்கார்ந்து அதைச் செய்கிறவருக்கு வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். அந்தக் கைக்கு நான் கும்பிடு போடத் தயார்.

ஆனால் அந்தக் கல் கடிகாரத்துக்கு என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை.

என் தாத்தாவிடம் ஒரு ஹெச்.எம்.டி. ஜனதா இருந்தது. தினம் காலையில் சாவி கொடுக்கவேண்டும். அதன் உள்ளே 17 கல். சின்ன வயதில் எனக்கு அது பெரிய புதிர். கல் இருக்கிறது என்கிறார்கள், வெளியே ஒன்றையும் காணோம். பின்னாளில்தான் தெரிந்தது, அது செயற்கை ரூபி. பல்சக்கரங்களின் அச்சுமுனை உலோகத்தில் உரசித் தேயாமல் இருக்க, அந்த முனைகள் உட்காரும் குழிகளைக் கல்லில் செய்வார்கள். அகஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்ட முறை: அலுமினிய ஆக்சைடு பொடியை ஹைட்ரஜன், ஆக்சிஜன் சுவாலைக்குள் தூவினால், 2000 டிகிரிக்கு மேலே உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே படிந்து படிகமாக வளரும். துளி குரோமியம் சேர்த்தால் சிவப்பு. இயற்கை ரூபிக்கும் இதற்கும் வேதியியலில் வித்தியாசமில்லை. பொடியும் நெருப்பும் சேர்ந்தால் நிறம். இதைச் சிவகாசிக்காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆக, ஒரு கண்டக்டரோ வாத்தியாரோ கட்டுகிற வாட்சுக்குள் கல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல், நொடிக்கு ஐந்தாறு தடவை அடிக்கிற சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு. 1969இல் சீக்கோ குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்ததும் கதை மாறியது. நொடிக்கு 32,768 முறை அதிர்கிற ஒரு துண்டுப் படிகத்துக்கு முன்னால் எந்தச் சுவிஸ் இயந்திரமும் நேரத்தில் ஜெயிக்கமுடியாது. (அது இரண்டின் பதினைந்தாம் படி. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.) தோற்றுப்போன இயந்திரத்தை சுவிஸ்காரர்கள் தூக்கிப்போடவில்லை. நேரம் காட்டுவதற்கு இது வேண்டியதில்லை என்று ஆனபிறகு, அந்த வேண்டாமையையே விலையாக மாற்றினார்கள். கல் உள்ளேயிருந்து வெளியே வந்தது. நிறையப் படித்த மூளைகள் சேர்ந்து செய்த வியாபாரம். அதை வியாபாரம் என்றே சொல்லலாம், தப்பில்லை. 'மரியாதை' என்று சொல்லும்போதுதான் எனக்கு நாக்கு கசக்கிறது.

ஏனென்றால் மரியாதை கைவேலைக்கு என்றால், அது எல்லாக் கைகளுக்கும் கொஞ்சமாவது போயிருக்கவேண்டும்.

ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் கூட்டாகத் தொடங்கியதுதான் டைட்டன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து முடித்த பையன்களையும் பெண்களையும் தேர்வுசெய்து, பயிற்சி கொடுத்து, இடுக்கியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். வெள்ளைக் கோட்டு, ஏசி அறை, மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி. அதே எண்பதுகளில், அதே மாதிரி ஊர்களில் பிறந்த, அதே வயதுப் பெண்கள் எங்கள் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே குழாய்க்குள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். பீஸ் ரேட். தீப்பெட்டி என்றால் குரோஸ் கணக்கு, 144 பெட்டிக்கு இவ்வளவு. அவர்களைவிட இவர்களுக்கு விரல் நிதானம் குறைவா? குறைவாக இருந்தால் இவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். ஒருவர் டெக்னீசியன், இன்னொருவர் கூலி. வித்தியாசத்தைச் செய்தது விரல் இல்லை, கம்பெனிப் பதிவேடு. 2025இல் டைட்டன் பத்தே பத்துக் கடிகாரம் செய்து, ஒவ்வொன்றும் நாற்பது லட்சத்துக்கு விற்றது, டயலில் நுண்ணோவியம். ஓசூர்க்காரர்கள் இவ்வளவு தூரம் வந்தது எனக்குப் பெருமைதான். ஒரு கைக்குப் பயிற்சியும் பெயரும் சம்பளமும் கொடுத்தால் நாற்பது வருடத்தில் அது எங்கே போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆகவே 'இவங்களுக்கெல்லாம் ஸ்கில் இல்ல' என்று யாரும் என்னிடம் ஆரம்பிக்கவேண்டாம்.

அடுத்தது திருச்சி. கல்லூரியில் என் ரூம்மேட்டின் அப்பா அங்கே கல் தீட்டுகிறவர். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் மூக்குத்தியில் போடுவதெல்லாம் ஒருகாலத்தில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பட்டை தீட்டியதுதான். சின்னக் குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். வட்டக் கல்லுக்கு 57 முகம். கோணத்தை அளக்க அவரிடம் கருவி எதுவும் நான் பார்த்ததில்லை. சத்தத்தை வைத்தே சொல்லுவார், "இப்ப உக்காந்துருச்சு" என்று. வலது கை நடுவிரல் நகம் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் மலிவாக வந்து இறங்க, தொழில் சரிந்தது. அவர் கடைசி வருடங்களில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். கல் தீட்டும் கலைக்கு அஞ்சலி செலுத்தி எழுதும் எந்தக் கட்டுரையிலும் அவர் வரமாட்டார். அவர் தீட்டியது பொய்க்கல். ஆனால் கை பொய்யில்லையே.

இயற்கைக் கல்லுக்கே போவோம். இந்த நிறக்கற்கள் பெரும்பாலும் வருவது இலங்கையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும். இரத்தினபுரியில் குழிக்குள் இறங்கி, நீரை இறைத்துக்கொண்டே சரளையை மேலே அனுப்பி, கூடையில் அலசிப் பார்க்கிறார்கள். பல குழிகளில் கல் கிடைத்தால்தான் பங்கு. கிடைக்காத நாளுக்குச் சாப்பாடும் சில்லறையும். பேருவளை சீனன்கோட்டையில் நின்றால் அந்தக் கல்லுக்கு நம் தமிழிலேயே விலை பேசுவதைக் கேட்கலாம். ஜெனீவாவுக்குப் போய்ச் சேரும்போது கல்லோடு சான்றிதழ் வரும். எந்த நாட்டுக் கல், சூடுபடுத்தியதா இல்லையா, எத்தனை காரட் எல்லாம் அதில் இருக்கலாம். குழிக்குள் இறங்கியவன் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இப்போது என் ஊர்.

எங்கள் பக்கம் மேலே போய் வெடிக்கிற பேன்சி ரகத்துக்குள் வைக்கிற நிற உருண்டைக்கு 'மணிமருந்து' என்று பெயர். பேப்பரில் நீங்கள் இந்தச் சொல்லைப் படித்திருப்பீர்கள், பெரும்பாலும் ஒரே மாதிரி வாக்கியத்தில்: மணிமருந்து தயாரித்தபோது உராய்வு ஏற்பட்டு விபத்து. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்கு தாமிரம். இதில் நீலம்தான் மகா சிரமம். சூடு கொஞ்சம் ஏறினாலும் நிறம் வெளுத்துவிடும். சஃபையரிலோ நீலம்தான் சாதாரணமாகக் கிடைப்பது. இரும்பும் டைட்டானியமும் துளித்துளி இருந்தால் போதும். 2018இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் கூடாது என்று சொன்னபிறகு எங்கள் வானவில்லில் பச்சைக்கு வில்லங்கம் வந்துவிட்டது. அது வேறு கதை.

என் சித்தி மணிமருந்து அறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். கலந்த மருந்தில் பசையும் ஈரமும் சேர்த்து உருண்டையாக்கி, வெளியே மேடையில் காயவைக்கவேண்டும். ஈரம் கூடினால் உருண்டைக்குள்ளேயே சூடு பிடிக்கும். குறைந்தால் உராயும். சித்தி எனக்கு இதை ஒரே சொல்லில் சொன்னார். "பதம் தெரியணும் யய்யா. அதிரசம் மாதிரிதான். அதிரசம் பிரிஞ்சா மாவு போச்சு. இது பிரிஞ்சா ஆளு போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கைதான்.

அந்த அறைகளுக்குள் செல்போன் கூடாது, இரும்புச் சாமான் கூடாது. ஒரு அறைக்கு நாலு பேர் கணக்கு. மருந்து கலப்பதை வெயில் ஏறுமுன் முடித்துவிடவேண்டும், மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. சித்தி வேலைக்குப் போன காலத்தில் கையில் வாட்ச் கட்டியதே இல்லை. ஆலைச் சங்கு, வெயில் விழும் இடம், அன்றைக்கு எத்தனை தட்டு முடிந்தது என்ற கணக்கு, இதுதான் அவருக்கு நேரம். 2005இல் நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து அறையில் பிடித்தது. ஓடும்போது வலதுகை. முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாள். அந்த ஆலையின் பெயர் இப்போது வேறு, ஆட்களும் வேறு, அதனால் எழுதவில்லை. பக்கத்து அறையில் இருந்தவர்களைப் பற்றி சித்தி பேசமாட்டார்.

இது தனிக்கதையாக நின்றுவிட்டால் நீங்கள் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போகலாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, ஏறத்தாழ நாற்பது பேர். அதில் உதவி செய்ய ஓடிப்போனவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், இருபதுக்கு மேல். அந்த முறை இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சமும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவித்தார்கள். அஞ்சு லட்சம். வாட்ச் விலையை அதால் வகுத்துப் பார்க்கிற புத்தி எனக்கும் வந்தது, போட்டும் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு வேதியியல் விஷயம். பட்டாசு வெடிக்கும்போது அதிலுள்ள அலுமினியம் எரிந்து அலுமினிய ஆக்சைடாகிறது. வெள்ளைப் புகையில் பறந்துபோவதில் ஒரு பங்கு அதுதான். சஃபையரும் ரூபியும் அதே அலுமினிய ஆக்சைடுதான். பூமிக்குள் நிதானமாகப் படிகமானது. இதைக் குழுவில் எழுதினேன். நண்பர் "வாவ், பொயட்டிக் ப்ரோ" என்று போட்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அதற்குத்தான். இது கவிதையா? பஸ்ஸில் நின்ற அக்காவின் கையில் இருந்த பொடியைப் பற்றிச் சொல்கிறேன்.

எதிர்வாதங்கள் வந்தன. ஒன்று, பொறாமை. சரி, வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் பின்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு இயந்திரக் கடிகாரம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைத் திருப்பி வைத்துச் சக்கரம் ஆடுவதைப் பார்ப்பேன். நான் எழுதுகிற கோடில் ஒரு வரிகூட அப்படித் துடித்து நான் பார்த்ததில்லை. அந்த மயக்கம் தெரியாமல் பேசவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. ஒருவர் கேட்டார்: "உங்க ஊரு பட்டாசு மட்டும் என்ன அத்தியாவசியப் பண்டமா? காசைக் கரியாக்குறதுதானே? உபயோகமில்லாத அழகுன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்." இதற்கு இரண்டு நாள் பதில் எழுதமுடியவில்லை. உண்மைதான். என் பள்ளிக் கட்டணம் காசைக் கரியாக்குகிறவர்களால் வந்தது. சித்தியின் கை போனதும் அவர்களுடைய பத்து நொடிச் சந்தோஷத்துக்காக. பட்டாசை நான் புனிதமாக்கமுடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஒருவன் காசு போட்டு மேலே விடுகிற வாணத்தைத் தெருவே பார்க்கிறது. வாடகை வீட்டுக்காரன், நாய்க்குப் பயந்து மாடியில் நிற்கும் பாட்டி, காசில்லாமல் வேடிக்கை பார்க்க வந்த பயல், எல்லாருக்கும் அதே சிவப்பு, அதே பச்சை. பார்த்தவனிடம் இருந்து எதையும் அது பிடுங்குவதில்லை. அந்த வாட்சின் அழகு அப்படி வேலை செய்வதில்லை. இன்னொருவன் மணிக்கட்டில் அது இல்லை என்பதும் சேர்ந்துதான் அதன் அழகு. வரிசையில் காத்திருக்கவைத்து, குறைவாகச் செய்து, குறைவாகச் செய்வதையே விளம்பரமாக்கி விற்பது அதற்காகத்தான். உபயோகமில்லாத அழகோடு எனக்கு விரோதமில்லை. நான் பிறந்ததே அப்படிப்பட்ட அழகு செய்கிற ஊரில்.

மூன்றாவதாக ஒருவர், "அப்ப என்னதான் செய்யணும்ங்கிறீங்க?" என்றார். வாட்சை விற்று சிவகாசிக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் எழுத்தாளர்கள் வந்து கறுப்பு வெள்ளையில் கரிந்த முகங்களைப் படமெடுத்துக் கண்ணீர் விடுவதையும் கேட்கவில்லை. அது போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்தாகிவிட்டது. நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு சுவிஸ்காரர் கல்லின் உயரத்தை நூறில் இரண்டு பங்குக்குள் நிறுத்துவதைப் பற்றி மூவாயிரம் வார்த்தை எழுதத் தெரிந்த உங்களுக்கு, ஈரப் பொடியை உள்ளங்கையில் வைத்து அது இன்றைக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லுகிற விரலைப் பற்றி முந்நூறு வார்த்தையாவது எழுத வரவேண்டும். கண்ணீர் இல்லாமல், வேலையைப் பற்றி. அரக்குக் குச்சியில் சத்தம் கேட்டுக் கோணம் பிடித்தவரைப் பற்றி. அதை எழுதாதவரைக்கும் 'கைவேலைக்கு மரியாதை' என்று எழுதவேண்டாம். 'எனக்கு இந்த வாட்ச் பிடிச்சிருக்கு' என்று மட்டும் எழுதுங்கள். அது நேர்மையான வாக்கியம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2011இல் முதல் சம்பளத்தில் சித்திக்கு ஒரு டைட்டன் ராகா வாங்கிக் கொடுத்தேன். மூவாயிரத்துச் சொச்சம். மெல்லிய தங்கநிறப் பட்டை, டயலில் இரண்டு வெள்ளைக் கல். வாங்கும்போது எனக்கு மணிக்கட்டு ஞாபகமே வரவில்லை. பெட்டியைத் திறந்ததும் சித்தி வலதுகையில் வைத்துப் பார்த்தார், பிறகு இடதுகையில். வலதில் தழும்பு உறுத்தும், வியர்த்தால் அரிக்கும். இடதுகையில் கட்டிப் பழக்கமில்லை என்றார். "நல்லாருக்குய்யா, ஒனக்குப் பொஞ்சாதி வந்ததும் போடட்டும்" என்று பீரோவில் வைத்துவிட்டார்.

அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துப் பார்த்தேன். நின்றுபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாட்ச் ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, செல்லை மாற்றி, போனைப் பார்த்து நேரம் வைத்துத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நூற்றிருபது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சித்தியிடம் நீட்டினேன். காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுதா, சத்தத்தையே காணோம்?" என்றார். முள் ஓடுவதைக் காட்டினேன். மறுபடி பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மணி என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டார்.